குழாய் சொட்டினால், சிங்க் அடைத்தால்: பிளம்பரை அழைக்கும் முன் நாமே செய்யக்கூடியவை

எந்தக் குழாயில் கை வைப்பதாக இருந்தாலும், அதற்கு வரும் தண்ணீரை எங்கே நிறுத்துவது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். மேல்தொட்டி உள்ள வீட்டில், தொட்டியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு பைப்பிலும் தொட்டியை ஒட்டி ஒரு வால்வு இருக்கும். குளியலறைக்கும் சமையலறைக்கும் உள்ளே தனித்தனி வால்வும், வாஷ் பேசின், கீசர், ஃப்ளஷ் டேங்க் ஆகியவற்றின் கீழே ஆங்கிள் வால்வும் இருக்கலாம். ஓய்வாக இருக்கும் ஒரு நாளில் ஒவ்வொன்றாக மூடிப் பார்த்து, எது எதை நிறுத்துகிறது என்று மார்க்கரால் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். பைப் உடைந்து தண்ணீர் பீய்ச்சும் நேரத்தில் இதையெல்லாம் தேடிக்கொண்டிருக்க முடியாது.

நெம்புகோல் கைப்பிடி உள்ள வால்வில், கைப்பிடி பைப்பின் போக்கிலேயே இருந்தால் திறந்திருக்கிறது. குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. சக்கரம் வைத்த கேட் வால்வு அப்படிப் பார்த்தவுடன் தெரியாது, சுற்றித்தான் பார்க்க வேண்டும். வருடக்கணக்கில் தொடாத கேட் வால்வு உப்பு பிடித்து இறுகிப்போயிருக்கும். அதில் ரெஞ்சை மாட்டி ஒரே மூச்சில் திருகினால் உள்ளே இருக்கும் தண்டு முறிந்துவிடும். கொஞ்சம் மூடும் பக்கம், கொஞ்சம் திறக்கும் பக்கம் என்று ஆட்டி ஆட்டித்தான் இளக்க வேண்டும். முழுதாகத் திறந்த பிறகு கால் சுற்று திரும்ப மூடி விட்டால் அடுத்த முறை சிக்காது. ஆறு மாதத்துக்கு ஒரு தரம் எல்லா வால்வையும் மூடித் திறப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அவசரத்தில் அது கைகொடுக்கும். தண்டின் ஓரமாகத் தண்ணீர் கசிந்தால் வால்வையே மாற்ற வேண்டியதில்லை. சக்கரத்துக்குக் கீழே இருக்கும் சிறிய நட்டைக் கால் சுற்று இறுக்கினாலே பெரும்பாலும் நின்றுவிடும்.

கருவிகள் அதிகம் வேண்டாம். 10 அங்குல அட்ஜஸ்டபிள் ஸ்பேனர், ஒரு வாட்டர் பம்ப் பிளையர், தட்டையும் ஸ்டாரும் ஆன ஸ்க்ரூ டிரைவர்கள், டெஃப்லான் டேப், சில அரை அங்குல வாஷர்கள், ரப்பர் கப் வைத்த அடைப்பு நீக்கி, டார்ச், வாளி, பழைய துணி. இவை இருந்தால் இந்தக் கட்டுரையில் வரும் பெரும்பாலான வேலைகள் முடியும்.

கசிவு எங்கே என்று கண்டுபிடிப்பது

ஈரம் தெரியும் இடத்தில்தான் ஓட்டை இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. தண்ணீர் பைப்பைப் பிடித்துக்கொண்டே இறங்கி, எங்கே தாழ்வாக இருக்கிறதோ அங்கே சொட்டும். சிங்குக்குக் கீழே ஈரமாக இருந்தால், அங்குள்ள எல்லாப் பைப்பையும் இணைப்பையும் துணியால் நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். பிறகு ஒவ்வொரு இணைப்பையும் சுற்றி உலர்ந்த டிஷ்யூ தாளைக் கட்டிவிட்டுக் காத்திருங்கள். எல்லாவற்றுக்கும் மேலே எந்தத் தாள் நனைகிறதோ அங்கேதான் கோளாறு.

அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி: யாரும் எதையும் திறக்காத நேரத்திலும் கசிகிறதா, அல்லது சிங்கைப் பயன்படுத்தும்போது மட்டுமா? எப்போதும் கசிந்தால் தண்ணீர் கொண்டுவரும் பைப்பில் பிரச்சினை. அங்கே எந்நேரமும் அழுத்தம் இருக்கிறது. பயன்படுத்தும்போது மட்டும் என்றால் கழிவு போகும் பக்கம். இந்த ஒரு கேள்வியே பாதி இடத்தைத் தேடலிலிருந்து விலக்கிவிடும்.

சொட்டும் குழாய்

குழாய்களில் இரண்டு வகை. பல சுற்று சுற்றித் திறப்பது வாஷர் வைத்த பழைய வகை. கால் சுற்றிலேயே முழுதாகத் திறப்பது உள்ளே செராமிக் தகடு வைத்தது. குழாயின் வாயில் சொட்டினால் வாஷரோ தகடோ தேய்ந்திருக்கிறது. கைப்பிடிக்கு அடியில் கசிந்தால் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையமோ பேக்கிங்கோ போயிருக்கிறது.

வாஷர் குழாய் சொட்டத் தொடங்கியதும் எல்லோரும் செய்வது, மூடும்போது இன்னும் கொஞ்சம் அழுத்தி இறுக்குவது. இரண்டு நாள் நிற்கும், மூன்றாம் நாள் மறுபடி சொட்டும், இன்னும் இறுக்குவோம். இதனால் ரப்பர் பித்தளை விளிம்பில் வெட்டுப்பட்டு, பிறகு அந்த விளிம்பே தேய ஆரம்பிக்கிறது. ஒரு சின்ன ரப்பர் வில்லையோடு முடிய வேண்டிய வேலை குழாயையே மாற்றுவதில் போய் நிற்கிறது. நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளில் 86,400 சொட்டு. 20 சொட்டுக்கு ஒரு மில்லிலிட்டர் என்று வைத்தாலும் நான்கு லிட்டருக்கு மேல் வீணாகிறது. சொட்டத் தொடங்கிய வாரத்திலேயே வாஷரை மாற்றிவிடுங்கள்.

1. வால்வை மூடிவிட்டுக் குழாயைத் திறந்து, பைப்பில் நிற்கும் தண்ணீரை வடியவிடுங்கள். பேசினின் துளையைத் துணியால் அடையுங்கள். சின்ன ஸ்க்ரூ ஒன்று உள்ளே விழுந்தால் போதும், வேலை இரட்டிப்பாகிவிடும்.

2. கைப்பிடியின் தலையில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைத் தட்டை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தால் உள்ளே ஒரு ஸ்க்ரூ தெரியும். அதைக் கழற்றிக் கைப்பிடியை நேராக மேலே இழுங்கள். வரவில்லை என்றால் சுத்தியலால் அடிக்காமல், வினிகர் நனைத்த துணியைக் கால் மணி நேரம் சுற்றி வைத்துவிட்டு மறுபடி ஆட்டிப் பாருங்கள்.

3. இப்போது தண்டும், அதைப் பிடித்திருக்கும் ஆறுமுக நட்டும் தெரியும். தண்டைப் பாதி திறந்த நிலையில் வையுங்கள். ஒரு கையால் குழாயின் உடலை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையில் ஸ்பேனரால் நட்டை இடப்பக்கமாகத் திருப்புங்கள். உடலைப் பிடிக்காமல் திருப்பினால் குழாயே சுற்றிக்கொண்டு, சுவருக்குள் இருக்கும் எல்போவை (பைப் வளையும் இடத்தில் உள்ள இணைப்பு) உடைத்துவிடும். இந்த வேலையில் நடக்கும் பெரிய சேதம் பெரும்பாலும் இதுதான்.

4. நட்டோடு முழு அமைப்பும் கையில் வந்துவிடும். அடியில் இருக்கும் வாஷரைப் பாருங்கள். நல்ல வாஷர் தட்டையாக, நகத்தால் அழுத்தினால் கொஞ்சம் பதியும். போன வாஷரில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருக்கும், அல்லது கல்போல் இறுகி ஓரம் உதிர்ந்திருக்கும். பழையதைக் கையில் எடுத்துப் போய் அதே விட்டம், அதே தடிமனில் வாங்குங்கள். தடிமன் கூடினால் குழாய் முழுதாகத் திறக்காது.

5. புதியதைப் போடும் முன், டார்ச் அடித்துக் குழாய்க்குள் வாஷர் போய் உட்காரும் பித்தளை விளிம்பைப் பாருங்கள், சுண்டு விரலால் தடவியும் பாருங்கள். வழுவழுப்பாக இருந்தால் நல்லது. ஓரிடத்தில் நெருடினால் அங்கே கீறல் இருக்கிறது. எந்த வாஷர் போட்டாலும் சில வாரத்தில் வெட்டிவிடும். விளிம்பைத் தேய்த்துச் சமப்படுத்தும் கருவி உண்டு. அது கிடைக்காவிட்டால் குழாயை மாற்றுவதே சரி.

6. திரும்ப மாட்டும்போதும் தண்டு பாதி திறந்தே இருக்கட்டும். மூடிய நிலையில் நட்டை இறுக்கினால் புதிய வாஷர் அப்போதே நசுங்கும். கையால் முடிந்தவரை இறுக்கிவிட்டு ஸ்பேனரால் கால் சுற்று, அவ்வளவு போதும். குழாயைத் திறந்தே வைத்துக்கொண்டு வால்வை மெதுவாகத் திறங்கள். காற்றும் துருவும் முதலில் வெளியேறட்டும்.

செராமிக் வகையில் வாஷர் இல்லை. இரண்டு தகடுகளின் நடுவே ஒரு மணல் துகள் சிக்கினாலே சொட்டும். கழற்றிக் கழுவி மாட்டிப் பாருங்கள், சில நேரம் அதுவே போதும். தகட்டில் கீறல் இருந்தால், தகடுகள் அடங்கிய கார்ட்ரிட்ஜை முழுதாக மாற்ற வேண்டும். நீளமும், தலையில் உள்ள பற்களின் எண்ணிக்கையும், திறக்கும் திசையும் ஒவ்வொன்றிலும் மாறும் என்பதால் பழையதைக் கையில் எடுத்துச் செல்லாமல் வாங்காதீர்கள்.

மரையும் டெஃப்லான் டேப்பும்

புதுக் குழாய் மாட்டிய இடத்திலேயே கசிகிறது என்றால் டேப் சுற்றியதில் தவறு இருக்கும். மரையின் முனை உங்களைப் பார்த்து இருக்கும்படி குழாயைப் பிடியுங்கள். கடிகார முள் சுற்றும் திசையில் சுற்ற வேண்டும்; எதிர்த்திசையில் சுற்றினால் உள்ளே திருகும்போது டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். முனையில் முதல் மரையை விட்டுவிட்டுத் தொடங்கி, பாதிக்குப் பாதி மேலேறும்படி, அடியில் மரையின் வடிவம் தெரியும் அளவுக்கு இழுத்துச் சுற்றுங்கள். மெல்லிய வெள்ளை டேப் என்றால் அரை அங்குலக் குழாய்க்கு 10 முதல் 12 சுற்று. தடித்த டேப்புக்கு அதில் பாதி போதும்.

முதல் இரண்டு சுற்று கையாலேயே சுலபமாக ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது. வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள். கடைசியில் குழாயின் வாய் நேராகக் கீழே பார்க்க வேண்டுமே, கொஞ்சம் தாண்டிப் போய்விட்டால்? திரும்பப் பின்னால் திருப்பக் கூடாது. அப்படித் திருப்பிய நொடியே டேப்பின் பிடி விட்டுப்போகும். முழுதாகக் கழற்றி, பழைய டேப்பைத் துடைத்தெடுத்து, ஒரு சுற்றைக் கூட்டியோ குறைத்தோ புதிதாகச் சுற்றி மாட்டுங்கள்.

பிளாஸ்டிக் எல்போவுக்குள் பித்தளைக் குழாயை முறுக்கும்போது மிகுந்த கவனம் வேண்டும். டேப் அதிகமானாலும், பலம் அதிகமானாலும் பிளாஸ்டிக் உள்ளிருந்து விரிந்து மயிரிழை போல ஒரு விரிசல் விடும். அன்று தெரியாது, சில மாதம் கழித்துச் சுவர் ஈரமாகும்போதுதான் தெரியும். குழாய் மாட்டும் இடங்களில் பித்தளை உட்பூண் வைத்த எல்போவைத்தான் போடச் சொல்ல வேண்டும்.

கனெக்ஷன் ஹோஸ், பாட்டில் டிராப் (சிங்குக்குக் கீழே கழிவுநீர் நிற்கும் கிண்ணம்), யூனியன் (இரண்டு பைப்பைக் கழற்றி மாட்ட உதவும் இணைப்பு) போல ரப்பர் வாஷர் அழுந்தித் தண்ணீரை நிறுத்தும் இடங்களில் டேப்புக்கு வேலையே இல்லை. அங்கே கசிந்தால் வாஷரைப் பாருங்கள். இந்த ஹோஸ் நட்டுகளைக் கையால் இறுக்கிக் கடைசியில் கால் சுற்று ஸ்பேனர் போட்டால் போதும். மேலும் இறுக்கினால் வாஷர் பிதுங்கி முன்பைவிட மோசமாகக் கசியும்.

ஃப்ளஷ் டேங்க் ஓயாமல் ஓடினால்

சத்தமே இல்லாமல் தொட்டியைக் காலி செய்வது இதுதான். டாய்லெட்டுக்குள் மெலிதாக வழியும் தண்ணீர் கண்ணுக்கே தெரியாது. டேங்க் மூடியைத் திறந்து உணவுக்குப் போடும் நிறத் திரவம் சில சொட்டு விடுங்கள். 20 நிமிடம் ஃப்ளஷ் செய்யாமல் இருந்து பாருங்கள். கீழே கிண்ணத்தில் நிறம் வந்திருந்தால் தண்ணீர் தப்புகிறது என்று உறுதி. நடுவில் நிற்கும் ஓவர்ஃப்ளோ குழாயின் விளிம்பைத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தால் நிரப்பும் வால்வில் குறை. விளிம்புக்குக் கீழேயே மட்டம் நின்றும் நிறம் இறங்கியிருந்தால் அடி சீல்.

அடி சீலைச் சரிசெய்ய, ஆங்கிள் வால்வை மூடி டேங்கைக் காலி செய்யுங்கள். நடுக் கோபுரத்தைப் பிடித்து இடப்பக்கம் கால் சுற்று திருப்பினால் பெரும்பாலான வகைகளில் அப்படியே மேலே வந்துவிடும். அதன் அடியில் ஒரு சிலிக்கான் வளையம் இருக்கும். கட்டை விரலால் தடவிப் பாருங்கள், பாசி போல வழுக்கும், நடுநடுவே உப்பு மணல் நெருடும். பல வீடுகளில் கோளாறு இந்த அழுக்கு மட்டுமே. வளையத்தைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவி, அது உட்காரும் இடத்தையும் துணியால் துடைத்து மாட்டுங்கள். அந்த இடத்தைக் கத்தியாலோ உப்புத்தாளாலோ சுரண்டவே கூடாது. வளையம் விறைத்தோ அலையலையாக வளைந்தோ போயிருந்தால் புதியது போட வேண்டும். சங்கிலி வைத்து ரப்பர் மூடியைத் தூக்கும் வகை என்றால், சங்கிலியில் ஒரு செ.மீ. தளர்வு இருக்கிறதா பாருங்கள். விறைப்பாக இருந்தால் மூடி சரியாக உட்காராது. அதிகம் தொங்கினால் மூடிக்கு அடியில் சிக்கிக்கொள்ளும்.

நிரப்பும் வால்வில் மிதவையின் உயரத்தை மாற்ற ஒரு நீள ஸ்க்ரூவோ கிளிப்போ இருக்கும். ஓவர்ஃப்ளோ விளிம்புக்கு 25 மி.மீ. கீழே தண்ணீர் நிற்கும்படி வையுங்கள். மிதவையைக் கையால் மேலே தூக்கியும் தண்ணீர் நிற்கவில்லை என்றால், வால்வின் தலையில் இருக்கும் சின்ன ரப்பர் சவ்வில் மணல் சிக்கியிருக்கிறது. கழற்றிக் கழுவினால் போதும். தண்ணீர் மிக மெதுவாக நிரம்பினால், ஹோஸ் வந்து சேரும் இடத்தில் உள்ள வடிகட்டிச் சல்லடையைச் சுத்தம் செய்யுங்கள்.

மேல்தொட்டி நிரம்பி வழிவதும் இதே தத்துவம்தான். மிதவைப் பந்தைக் கழற்றிக் காதருகே குலுக்குங்கள். உள்ளே தண்ணீர் சத்தம் கேட்டால் பந்து ஓட்டை, மாற்ற வேண்டும். பந்து நன்றாக இருந்தால் மிதவை வால்வின் வாஷரைப் பாருங்கள்.

அடைப்பு

முதலில் எத்தனை இடத்தில் தண்ணீர் தேங்குகிறது என்று பாருங்கள். ஒரே ஒரு சிங்க் என்றால் அடைப்பு அதன் கீழேயே இருக்கும். குளியலறைத் தரை, பேசின், டாய்லெட் எல்லாமே ஒன்றாகத் திணறினாலோ, ஓரிடத்தில் ஊற்றுவது இன்னோரிடத்தில் மேலே வந்தாலோ அடைப்பு வெளியே மெயின் லைனில். வெளியே இருக்கும் சேம்பரின் (கழிவுப் பைப்புகள் வந்து சேரும் குழி) மூடியைத் திறந்து, தண்ணீர் எது வரை நிற்கிறது என்று பார்த்து, நிறைந்த சேம்பருக்கும் வறண்ட சேம்பருக்கும் இடையே குத்த வேண்டும். மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கலாம். சேம்பருக்குள்ளோ கழிவுநீர்த் தொட்டிக்குள்ளோ யாரும் இறங்கவே கூடாது. அங்கே தேங்கும் வாயு சில நொடியில் ஆளை வீழ்த்தும்.

சமையலறை சிங்கில் அடைப்பது எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய உணவுத் துணுக்கும். பேசினில் முடியும் சோப்பும். இரண்டுக்கும் முதல் வேலை பாட்டில் டிராப்பைத் திறப்பது. வாளியை அடியில் வைத்து, கிண்ணம் போன்ற அடிப்பாகத்தைக் கையால் இடப்பக்கம் திருப்பிக் கழற்றுங்கள். பிளையர் போட வேண்டியிருந்தால் நடுவே துணி வையுங்கள், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் வெடிக்கும். ரப்பர் வளையம் எங்கே, எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று கவனித்துக்கொள்ளுங்கள். கழுவி மாட்டும்போது கையால் மட்டும் இறுக்குங்கள். சோதிக்கக் குழாயைத் திறந்து பார்த்தால் போதாது. சிங்கின் வாயை அடைத்து முக்கால்வாசி நிரப்பி ஒரே தரமாகத் திறந்துவிட்டு, கீழே தாள் வைத்துப் பாருங்கள்.

டிராப் சுத்தமாக இருந்தும் தண்ணீர் போகவில்லை என்றால் ரப்பர் கப். இதைத் தவறாகப் பயன்படுத்துவோர் பலர். கப் மூழ்கும் அளவு தண்ணீர் நிற்க வேண்டும், காற்றை மட்டும் அழுத்திப் பயனில்லை. பேசினின் மேல் விளிம்பில் இருக்கும் ஓவர்ஃப்ளோ துளையையும், இரட்டைச் சிங்க் என்றால் அடுத்த வாயையும் ஈரத் துணியால் இறுக்கி அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் நீங்கள் கொடுக்கும் அழுத்தம் அந்த வழியாகப் போய்விடும். கப்பைத் தூக்காமலே 15, 20 தடவை மேலும் கீழும் வேகமாக ஆட்டுங்கள். மேலே இழுப்பதுதான் அடைப்பை அசைக்கிறது, கீழே அழுத்துவது மட்டும் அல்ல. தட்டைக் கப் சிங்குக்கு. டாய்லெட்டுக்கு உள்ளே மடிப்பு வைத்த வகை வேண்டும்.

அதற்கும் அசையாததற்கு ஸ்பிரிங் கம்பி. கைப்பிடியை வலப்பக்கம் சுழற்றிக்கொண்டே மெதுவாக உள்ளே தள்ளுங்கள். முட்டினால் அது வளைவா, அடைப்பா என்று கையிலேயே தெரியும்: வளைவு என்றால் சுழற்றச் சுழற்ற நழுவி உள்ளே போகும், அடைப்பு என்றால் மெத்தென்று பிடித்து இழுக்கும். பிடித்ததும் மேலும் தள்ளாமல், சுழற்றிக்கொண்டே வெளியே இழுங்கள். முடிச்சுருளைத் தள்ளிவிட்டால் அடுத்த வளைவில் போய் அடைக்கும்.

கொதிநீர் ஊற்றும் பழக்கம் வேண்டாம். பிவிசி பைப் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் இளகத் தொடங்கும். டாய்லெட் பீங்கான் சட்டென்ற சூட்டில் விரிசல் விடும். கை தாங்கும் அளவைவிடச் சற்றே கூடிய சூட்டில், பாத்திரம் கழுவும் திரவம் கலந்து ஊற்றினால் எண்ணெய்ப் பிசுக்குக்கு அதுவே போதும்.

காஸ்டிக் பொடியைக் கடைசிக்கும் கடைசியாகவே வையுங்கள். அது எண்ணெயையும் முடியையும் கரைக்கும். துணி, பிளாஸ்டிக், பல் குச்சி இவற்றை ஒன்றும் செய்யாது. அடைப்பு விடாமல் போனால் பைப் நிறைய எரிக்கும் திரவம் தேங்கி நிற்கும். அதற்குப் பிறகு ரப்பர் கப்பைப் போட்டால் கண்ணில் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள். கரைசல் செய்ய வேண்டுமானால் குளிர்ந்த தண்ணீரில் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும்; பொடியின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, கொதித்துச் சிதறும். காஸ்டிக் போட்ட இடத்தில் ஆசிட் ஊற்றவே கூடாது. பிளீச்சிங் பொருளோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. ஏற்கெனவே எதையாவது ஊற்றியிருந்தால் பிளம்பர் கை வைக்கும் முன் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

நாற்றம்

ஒவ்வொரு கழிவு வாயின் அடியிலும் டிராப் வளைவில் ஏறக்குறைய 50 மி.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்று, சாக்கடை வாயுவைத் தடுக்கிறது. பயன்படுத்தாத குளியலறையில் அந்தத் தண்ணீர் சில வாரத்தில் வற்றிவிடும். ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் நாற்றம் போய்விடும். நீண்ட நாள் ஊருக்குப் போவதாக இருந்தால் அதன்மேல் இரண்டு ஸ்பூன் எண்ணெய் விடுங்கள், ஆவியாகாது. ஊற்றியும் நாற்றம் திரும்பத் திரும்ப வந்து, இன்னோரிடத்தில் ஃப்ளஷ் செய்யும்போது இங்கே களகளவென்று சத்தமும் கேட்டால், காற்றுப் பைப் அடைத்திருக்கிறது அல்லது இல்லவே இல்லை. இறங்கும் தண்ணீர் டிராப்பில் நிற்பதையும் உறிஞ்சிக்கொண்டு போகிறது.

தண்ணீர் வேகம் குறைந்தால்

ஒரே குழாயில் மட்டும் என்றால் வாயில் இருக்கும் சல்லடையைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளையாகப் படிந்திருப்பது சுண்ணாம்பு உப்பு. வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் போய்விடும். ஷவர் தலைக்கும் இதே வைத்தியம். அதற்குமேல் ஊறவிட்டால் குரோம் பூச்சு மங்கும்.

வீடு முழுக்க வேகம் இல்லை என்றால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். தொட்டியின் நீர்மட்டத்துக்கும் குழாய்க்கும் இடையே 10 மீட்டர் உயரம் இருந்தால்தான் ஏறக்குறைய 1 பார் அழுத்தம். தொட்டிக்கு நேர்கீழே இரண்டு மீட்டரில் இருக்கும் மேல்தள ஷவருக்குக் கிடைப்பது 0.2 பார்தான். அங்கே எந்த விலையுயர்ந்த ஷவரை மாட்டினாலும் தூறல்தான் விழும். தொட்டியை உயர்த்த வேண்டும், அல்லது பிரஷர் பம்ப் வைக்க வேண்டும். தொட்டியிலிருந்து இறங்கும் பைப் மெலிதாக இருக்கிறதா என்றும் பாருங்கள். முக்கால் அங்குலப் பைப்பின் வாய்ப்பரப்பு அரை அங்குலத்தைப் போல் இரண்டேகால் மடங்கு.

தொட்டி காலியாகி மறுபடி நிரப்பிய பிறகு ஒரு குழாயில் மட்டும் வராமல் இருந்தால் பைப்பில் காற்று அடைத்திருக்கிறது. அதே தொட்டியிலிருந்து நன்றாக வரும் இன்னொரு குழாய்க்கும் இதற்கும் ஒரு ஹோஸை இறுக்கமாக மாட்டி, இரண்டையும் திறந்து ஒரு நிமிடம் விடுங்கள். எதிர்த்திசையில் தள்ளும் தண்ணீர் காற்றை மேலே ஏற்றிவிடும்.

கீசர்

கீசரில் கை வைக்கும் முன் மின்சாரத்தைச் சுவிட்சில் மட்டுமல்ல, எம்சிபியிலும் (மின்பலகையில் அந்த லைனைத் துண்டிக்கும் பிரேக்கர்) நிறுத்துங்கள். சூடாகும்போது பாதுகாப்பு வால்வில் சில சொட்டுகள் வருவது கோளாறு அல்ல. 20 டிகிரி தண்ணீர் 70 டிகிரிக்குச் சூடாகும்போது சுமார் 2 சதவீதம் விரிகிறது. 25 லிட்டர் கீசரில் அது அரை லிட்டர். வெளியே போக வழியில்லாவிட்டால் அந்த அரை லிட்டர் உள்ளே அழுத்தமாக மாறும். சொட்டுகிறதே என்று அந்த வாயில் மூடி போட்டு அடைப்பதைப் போல ஆபத்தான காரியம் வேறு இல்லை. சூடாகாத நேரத்திலும் ஓயாமல் ஒழுகினால் வால்வை மாற்றுங்கள். தொட்டியின் அடியிலிருந்தே ஒழுகினால் உள்தொட்டி துருப்பிடித்திருக்கலாம்.

பிளாஸ்டிக் பைப் உடைந்தால்

வெளியே தெரியும் பைப் என்றால் நாமே வெட்டி ஒட்டலாம். வெந்நீர் போகும் இடத்தில் சிபிவிசிதான் வேண்டும். அதற்கு அதற்கேற்ற ஒட்டுத் திரவம், பிவிசிக்கானது பிடிக்காது. உடைந்த துண்டை நேராக வெட்டி எடுத்து, வெட்டுவாயின் பிசிறைச் சுரண்டி, உலரத் துடையுங்கள். ஈரத்தில் ஒட்டவே ஒட்டாது. கீழே இருக்கும் குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடுவது இதற்காகத்தான். சாக்கெட்டின் (பைப் நுழையும் இணைப்புத் துண்டு) ஆழத்தை அளந்து பைப்பில் குறியிடுங்கள். பைப்பின் மேல் தாராளமாகவும் சாக்கெட்டுக்குள் மெல்லிசாகவும் பூசி, கால் சுற்று திருப்பிக்கொண்டே குறி வரை தள்ளி, 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். பிடிக்காவிட்டால் பைப் தானாகவே கொஞ்சம் பின்னுக்கு வந்துவிடும். தண்ணீர் விடும் முன் டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை பொறுங்கள். ஓர் இரவு விட முடிந்தால் இன்னும் நல்லது.

சுவருக்குள் கசிவு

சுவர் ஈரமாக இருக்கிறது என்றவுடன் டைல்ஸை உடைக்காதீர்கள். இரவு யாரும் தண்ணீர் எடுக்காத நேரத்தில் தொட்டிக்கு வரும் தண்ணீரை நிறுத்தி, உள்பக்கம் நீர்மட்டத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். காலையில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து பாருங்கள். தொட்டியின் பரப்பு ஒரு சதுர மீட்டர் என்றால், ஒவ்வொரு மி.மீ. இறக்கமும் ஒரு லிட்டர். இறங்கவே இல்லை என்றால் கசிவது கழிவுப் பைப், அல்லது தரை டைல்ஸின் இடுக்கு வழியாக இறங்கும் குளிக்கும் தண்ணீர். இறங்கியிருந்தால் மறுநாள் இரவு தொட்டியடி வால்வை மூடிப் பாருங்கள். அப்போதும் இறங்கினால் தொட்டியிலேயே விரிசல். நின்றுவிட்டால் அடுத்தடுத்த இரவுகளில் குளியலறை, சமையலறை, கீசர் லைன் என்று ஒவ்வொன்றாக மூடிச் சோதியுங்கள். எதை மூடியதும் மட்டம் அசையாமல் நிற்கிறதோ அந்த லைனில்தான் ஓட்டை. பிளம்பர் வந்ததும் இதைச் சொன்னால், அவர் அந்த லைனில் குழாய் மாட்டியிருக்கும் எல்போவிலிருந்து பார்க்கத் தொடங்கலாம். சுவருக்குள் கசியும் இடம் நடுப் பைப்பைவிட அந்த எல்போவாக இருப்பதே அதிகம்.